கேள்வி கேட்காத மலினா

"சொல்லாதீங்க" என்று கையை உயர்த்தினார் எவ்ஜென் மலினா.

கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்மணி திறந்த வாயை மூட மறந்துபோனார். அவர் கொண்டுவந்திருந்தது தூசி உறிஞ்சும் இயந்திரம். வாங்கி ஏழு மாதம். பத்து நிமிடம் ஓடினால் உறுமுகிறது என்று வரிசையில் நிற்கும்போதே என்னிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இப்போதும் வாயைத் திறந்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. என்ன கோளாறுன்னு அதுவே சொல்லட்டும்."

மலினா கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு துண்டுக் கம்பளத்தை எடுத்துத் தரையில் விரித்தார். அது அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இயந்திரத்தின் பிளக்கைச் சொருகி ஓடவிட்டார். முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கச்சேரி கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஏழு நிமிடம். கையில் டோக்கனோடு எங்களுக்குப் பின்னால் பத்தொன்பது பேர். பக்கத்துக் கவுன்டரில் ஷார்கா என்ற பெண் அதற்குள் ஐந்து பேரை அனுப்பிவிட்டாள். பதினொன்றாவது நிமிடம் இயந்திரம் உறுமியது. மலினா கண்ணைத் திறந்து தலையை ஆட்டினார். படிவத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: "பத்து நிமிடத்துக்குப் பிறகு உறுமுகிறது."

"அதைத்தானே நான் சொல்ல வந்தேன்" என்றார் பெண்மணி.

"தெரியும்மா" என்றார் மலினா. "ஆனா நீங்க சொல்லலையே."

எனக்குக் கோபம் வந்தது. இந்த மனிதரோடு பழகிய ஐந்து மாதத்தில் எனக்கு வராத கோபமில்லை. அவர் வேலை செய்யும் ராகுப் என்ற நிறுவனத்தை எங்கள் பர்துபிட்சே ஊரில் தெரியாதவர் கிடையாது. டி.வி., செல்போன், துணி துவைக்கும் இயந்திரம் என்று சகலத்தையும் இணையத்தில் விற்கிறார்கள். நாடு முழுக்க நாற்பத்தோரு கிளைகள். இணையத்தில் விற்பவனுக்குக் கிளை எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நாங்கள் அப்படித்தான். இரவு உடையில் உட்கார்ந்து கணினியில் வாங்குவோம். மறுநாள் காலை கோட்டை மாட்டிக்கொண்டு நேரில் போய், பெட்டியைப் பிரித்துப் பார்த்து, நாலு குறை சொல்லிவிட்டு எடுத்துவருவோம். பிடிக்காவிட்டால் அதே கவுன்டரில் கொண்டுபோய் மோதுவோம்.

அந்தக் கவுன்டரில்தான் மலினா நிற்கிறார். வயது அறுபத்தொன்று. ஒல்லி. ரேடார் செய்த பழைய அரசு ஆலையின் நீலக் கோட்டை இன்னும் போடுகிறார். ஆலை மூடியே பல காலமாயிற்று. காலில் சாம்பல் நிறக் கம்பளிச் செருப்பு. உள்ளே நுழைந்ததும் வெளிச்செருப்பைக் கழற்றி வீட்டுச்செருப்புக்கு மாறுவது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனாலும் நாள் முழுக்க வாடிக்கையாளர் முன்னால் அந்தச் செருப்போடு நிற்க ஒரு நெஞ்சுறுதி வேண்டும். பதினொன்றே கால் மணிக்கு உருளைக்கிழங்கு சாலட்டும் ஒரு நீள ரொட்டியும். பதினொன்றரைக்கு மறுபடி கவுன்டர். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஆள் மறைந்துவிடுவார். ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு மரக்குடில் உண்டு.

நான் முதலில் போனது மே மாதம், உலகக் கோப்பை ஐஸ் ஹாக்கி முடிந்த மறுவாரம். மே மாதத்தில் எங்கள் ஊர் ஆண்கள் ராகுப்பில் பெரிய டி.வி. வாங்குவார்கள். பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம் என்று சட்டம் இருக்கிறது. போட்டி பதினாறு நாள். முதல் இரண்டு நாள் ஆட்டத்தை மச்சான் வீட்டில் பார்த்துவிட்டு வாங்கினால் கச்சிதமாகப் பொருந்தும். அன்று ஹன்ஸ்லீக் என்ற பல் மருத்துவர் ஆளுயர டி.வி.யைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நின்றார்.

"வீட்டுக்காரிக்கு இந்தக் கலர் பிடிக்கலை" என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க டாக்டர்" என்றார் மலினா. டி.வி.யின் பின்பக்கக் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்து ஒரு முறை முகர்ந்தார். சுட்ட மாமிசப் புகையும் பியரும் எனக்கே அடித்தது. மலினா நிமிர்ந்தார். டி.வி.யை ஓடவிட்டு, ஒவ்வொரு சேனலாக, ஒவ்வொரு துளையாக, நாற்பது நிமிடம் சோதித்தார். சட்டப்படி அவர் செய்ய வேண்டியது ஒரு கையெழுத்து மட்டும். மருத்துவர் கால் மாற்றி மாற்றி நின்றார். அவருடைய நோயாளிகளே இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள்.

"போன வருஷம் வாங்கினதைவிட இது நல்ல டி.வி. டாக்டர்" என்றார் மலினா கடைசியில், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "அடுத்த வருஷமும் இதையே எடுத்துக்குங்க."

நான் போனது திருப்பித் தருவதற்கல்ல. நிறுவனத்துக்கு முப்பது வயது. ஆண்டு மலர் எழுதும் வேலை உள்ளூர் வார இதழில் எழுதும் எனக்கு வந்தது. நிறுவனர் ராதோவன் குபாத் அழைத்துச் சொன்னார். அவர் பெயரின் இரண்டு பாதியிலும் முதல் எழுத்துகளை எடுத்து ஒட்டித்தான் ராகுப் என்று பெயர். தொண்ணூறுகளில் எல்லோரும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள், யோசிக்க நேரமில்லை. அவர் நிறுவனத்தை ஹாம்பர்க்காரர்களுக்கு விற்கப் போகிறார், அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்து, அன்று மலர் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்றார்.

"எல்லாம் எழுதுங்க மேடம். ஆனா மலினா பார்த்துக் கையெழுத்துப் போடாம ஒரு பக்கமும் அச்சுக்குப் போகாது" என்றார்.

"அவர் யாரு, வரலாற்று ஆசிரியரா?"

"புகார் கவுன்டர். முதல் நாள்லேர்ந்து இருக்கான். இருபதாம் வருஷ மலர்ல அறுபத்தோரு தப்பு கண்டுபிடிச்சு, பட்டியல் போட்டு, காபி ரூம் கதவுல ஒட்டிட்டான். ஒரு வருஷம் தொங்குச்சு. மறுபடி அந்த அவமானம் எனக்கு வேணாம்."

சிரித்தேன். அப்போது எனக்குத் தெரியாது.

மலினாவிடம் நிறுவனத்தின் வரலாறு முழுவதும் இருந்தது, உண்மைதான். ஆனால் வரலாற்றை ஒருவர் ஞாபகம் வைத்துக்கொள்ளும் முறையா அது. அவருக்கு எந்த வருடமும் எண்ணால் தெரியாது. திரும்பி வந்த சாமானால்தான் தெரியும்.

"வெப்சைட் எந்த வருஷம் ஆரம்பிச்சீங்க?"

"சி.டி. தட்டு வெளிய வந்தா உள்ள போகாத வருஷம்."

"அது தொண்ணூத்தெட்டா?"

"அது உங்க வேலை எடிட்டரம்மா."

"முதல் பெரிய கிடங்கு?"

"போர்டுல கண்டென்சர்லாம் வயிறு வீங்கி வெடிச்சுதே, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. தப்பு தப்பு. மூணு வருஷம். ரெண்டு வருஷம்னா மவுஸ் உருண்டைல முடி சுத்துற காலம்."

நான் நூலகத்தில் உட்கார்ந்து, கணினிப் பலகைகளில் கண்டென்சர் எந்த வருடம் வெடித்தது என்று தேடினேன். ஐந்து மாதத்தில் உலக மின்னணுப் பொருள்களின் சாவுக் கணக்கு எனக்குத் தலைகீழ்ப் பாடம். தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் கிடைக்காமல் போனது, செல்போன் கண்ணாடி விரிசல் விட ஆரம்பித்தது, காபி இயந்திரத்தில் சுண்ணாம்பு அடைத்தது, எல்லாம் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தேன். என் கணவர் ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

முதல் ஆர்டர் விஷயத்தில் மட்டும் மூன்று வாரம் போயிற்று. இணையத்தில் வந்த முதல் ஆர்டர் நாட்டின் மறுகோடியில் உள்ள ஒஸ்திராவா நகரத்திலிருந்து வந்தது, அதைப் பார்த்ததும் எதிர்காலம் கண்ணில் தெரிந்தது என்று குபாத் எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருக்கிறார். நானும் அப்படியே எழுதினேன். மலினா அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"ஒஸ்திராவா ரெண்டாவது. முதல் ஆர்டர் மூணாவது மாடி."

"எந்த மூணாவது மாடி?"

அப்போது ராகுப் இருந்தது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், குடியிருப்பவர்கள் துணி உலர்த்தும் அறையில். ஈரத் துணிக் கொடிகளுக்குக் கீழே மேஜை போட்டு குபாத்தும் மலினாவும் கணினிப் பாகங்கள் விற்றார்கள். ஆலையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரேடாருக்குக் கம்பி ஒட்டியவர்கள். குபாத் இன்ஜினியர், மலினா டெக்னீஷியன். வெப்சைட் திறந்த அன்று அதே கட்டடத்தின் மூன்றாவது மாடி ஹெய்லோவா அம்மாள் ஒரு மவுஸ் ஆர்டர் செய்தார். செய்துவிட்டு லிஃப்டில் இறங்கி வந்து கதவைத் தட்டி, "வந்துருச்சா?" என்று கேட்டார்.

"அந்தம்மாவ எழுதுங்க" என்றார் மலினா. "மறுநாள் அந்த மவுஸும் திரும்பி வந்துது. அதையும் எழுதுங்க."

குபாத் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒப்புக்கொண்டார். மூன்றாவது மாடி அச்சில் ஏறியது.

இந்த இரண்டு பேர் பேசிக்கொள்வதை ஒருமுறை கேட்க வேண்டும். "எவ்ஜென், நீ பார்த்தியா" என்பார் குபாத். "பார்த்தேன் இன்ஜினியர் சார், நீங்க அனுப்பினதைப் பார்த்தேன்" என்பார் மலினா. எங்கள் ஊரில் ஒருவரை நீ என்று அழைக்க ஆரம்பிப்பது சாதாரண விஷயமில்லை. வருடக்கணக்கில் ஆகும், கோப்பையை மோதிக் குடித்து, கை குலுக்கி, சாட்சியோடு நடக்கும். ஒருமுறை நீ என்று ஆகிவிட்டால் பிறகு நீங்க கிடையாது. அப்படித் திரும்பிப் போவது முகத்தில் அறைவதற்குச் சமம். இவர்கள் இரண்டு பேரும் ஆலை நாளிலேயே நீ. பிறகு ஒரு ஜனவரியில் மலினா, யாருக்கும் காரணம் சொல்லாமல், நீங்க என்று மாறிவிட்டார். பதினெட்டு வருடமாக அப்படியே. ஷார்காதான் எனக்கு இதைச் சொன்னாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது.

செப்டம்பரில் கடைசிப் புரூஃப் போயிற்று. எண்பத்து நான்கு பக்கம். எண்பத்து மூன்றில் மலினா கையெழுத்துப் போட்டிருந்தார். 2006-ம் வருடத்துப் பக்கத்தில் மட்டும் இல்லை. "விரிவாக்கத்தின் பொன்னாண்டு. பழைய சர்க்கரை ஆலையில் மாபெரும் கிடங்கு திறக்கப்பட்டது" என்று நான் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை: கெண்டை.

வீட்டுக்கு வாங்க வேண்டிய மீனைக் கைதவறி என் புரூஃபில் குறித்துவிட்டார் என்று நினைத்தேன். திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது: கெண்டை. மூன்றாம் முறை அனுப்பினேன். கெண்டை, கீழே இரண்டு கோடு. அச்சகத்தில் வியாழக்கிழமை நண்பகல்வரை என்று கெடு சொல்லிவிட்டார்கள். அன்று திங்கள். நான் நேரே கடைக்குப் போனேன். பதினொன்றே கால் மணிக்கு அவர் ரொட்டியோடு பின்பக்கம் போனபோது பின்னாலேயே போய், லாரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் அவரை நகரச் சொல்லி உட்கார்ந்தேன்.

"மலினா சார், எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. கெண்டைன்னா என்ன?"

அவர் ரொட்டியை மென்று முடித்தார். எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாத மனிதர்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு கேமரா வித்தோம். சின்னது, வெள்ளிக் கலர். எல்லாருக்கும் கட்டுப்படியாகுற விலை. விளம்பரம்கூட இன்ஜினியர் சார்தான் போட்டார். குளியல் தொட்டில கெண்டை நீந்துது, ஒரு பொண்ணு குனிஞ்சு படம் எடுக்குது. 'இந்த வருஷம் அவரையும் படம் எடுங்க.' ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பண்டிகைக்கு நான்கு நாள் முன்பே உயிர்க் கெண்டை வாங்கிக் குளியல் தொட்டியில் விடுவது எல்லா வீட்டிலும் உண்டு. குழந்தைகள் அதற்குப் பெயர் வைக்கும். பிறகு இருபத்து நான்காம் தேதி வறுத்துத் தட்டில் வைத்தால் அழும். எங்கள் வீட்டிலும் படம் எடுத்தோம். எங்கள் கேமரா வேறு கடையில் வாங்கியது.

"ஜனவரில எல்லாம் திரும்பி வந்துது. லென்ஸ் வெளிய வந்து அப்படியே நிக்குது. நான் மூணைப் பிரிச்சுப் பார்த்தேன். உள்ள ஒரு பட்டை ஒயர், மடிக்கிற இடத்துல வெடிப்பு. ஃபேக்டரித் தப்பு. சந்தேகமே இல்லை. போய்ச் சொன்னேன். இறக்குமதி பண்ணினவன் ஓடிட்டான். அத்தனையும் மாத்திக் குடுத்தா கம்பெனி பிப்ரவரி தாண்டாது, இருபத்தாறு பேர் வீட்டுக்குப் போகணும்னார். நெசம்தான். அதுல நானும் ஒருத்தன். அப்புறம் யோசிச்சுட்டு வந்து சொன்னார், 'எவ்ஜென், அவங்கள ஒரே ஒரு கேள்வி கேளு. கெண்டையைப் படம் எடுத்தீங்களான்னு கேளு.'"

எனக்கு உடனே புரியவில்லை.

"எடுத்தோம்னுதானே சொல்லுவாங்க. எல்லாரும் எடுத்தாங்க. நாமதானே எடுக்கச் சொன்னோம். எடுத்தோம்னு சொன்னா, குளியலறை ஈரம் உள்ள போயிருச்சு, உபயோகிச்சவர் தவறு, வாரண்டி கிடையாதுன்னு எழுதணும். அவ்வளவுதான். கேட்டேன். ஒவ்வொருத்தரையா கேட்டேன். இருநூத்திப் பன்னெண்டு பேர்."

"எல்லாரும் நம்பினாங்களா?"

"நம்பினதோட போகலம்மா." மலினா ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தை நான்காக மடித்தார். "மன்னிப்புக் கேட்டாங்க. ரிடையர் ஆன ரயில் டிரைவர் ஒருத்தர், 'என் தப்புதான் சார், பேத்தி சொன்னா, நான்தான் கேக்கல, உங்களுக்கு வீண் சிரமம்'ங்கறார். எங்கிட்ட. அந்த ஒயரை நான் கண்ணால பார்த்திருக்கேன். 'பரவாயில்லை, இனிமே ஜாக்கிரதையா இருங்க'ன்னு சொல்லி அனுப்பினேன். அப்படியே சொன்னேன். அந்த வசந்தத்துலதான் சர்க்கரை ஆலைக் கிடங்கு திறந்தது. பொன்னாண்டு."

அவர் ரொட்டித் துணுக்குகளைச் சிட்டுக்குருவிகளுக்கு உதறிவிட்டார்.

"இவர் சொன்னார், சரி. எழுதினது என் கை. அதனால ரெண்டு பேரும் அச்சுல வரணும். அது வந்தா கையெழுத்துப் போடறேன்."

அதற்குப் பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்டதில்லை. என்ன செய்தீர்கள், எங்கே வைத்தீர்கள், கீழே போட்டீர்களா என்று ஒரு கேள்வி கிடையாது. அவர்களாகச் சொல்ல வந்தாலும் விடமாட்டார். சொன்னால் அது அவர்களுக்கு எதிராகத் திரும்பும் என்று அவருக்குத் தெரியும், திருப்பியவரே அவர்தான். ஐந்து மாதமாக அந்த வரிசையில் நின்று நான் அவரைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அதற்காக அவர் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சோதிக்கக் கூடாதா என்ற எண்ணமும் கூடவே இருந்தது, மறைப்பானேன்.

அன்று பிற்பகல் அந்தப் பக்கத்தை எழுதினேன். அலங்காரம் இல்லாமல் இருபது வரி. செவ்வாய்க்கிழமை குபாத்திடம் கொண்டுபோனேன். படித்தார். 

"இது வராது" என்றார்.

"அப்ப அவர் கையெழுத்துப் போட மாட்டார்."

"வெள்ளிக்கிழமை ஹாம்பர்க்காரங்க இதைப் படிப்பாங்க மேடம். முப்பது வருஷம் பண்ணினதை விட்டுட்டு இந்த ஒரு பக்கத்தைத்தான் படிப்பாங்க. நான் எந்தப் பேரோட வெளிய போறது? இருபத்தாறு பேர் வேலை தப்பிச்சுதா இல்லையா? இப்ப ரெண்டாயிரம் பேர் சம்பளம் வாங்கறாங்களா இல்லையா? அதை அவன் எழுதச் சொன்னானா?"

"சொன்னார். இருபத்தாறுன்னு போட்டிருக்கு பாருங்க, ஆறாவது வரி."

குபாத் அந்த வரியைத் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். "வராது" என்றார் மறுபடியும்.

மலினாவிடம் போய்ச் சொன்னேன். ஒரு ரொட்டி சுடும் பெட்டியில் பதினான்காவது துண்டைச் சுட்டுக்கொண்டிருந்தார். "சரி" என்றார், அவ்வளவுதான். ஒற்றைக் காலில் நிற்பவரோடு வாதாடலாம். இவர் கம்பளிச் செருப்போடு இரண்டு காலிலும் நின்றார். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு என் பொறுமை முடிந்தது. குபாத்துக்குப் போன் போட்டேன்.

"நான் ஒண்ணும் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி இல்லை. ரெண்டு பேரும் பேரன் பேத்தி எடுத்தவங்க. நாளைக்கு மத்தியானம் அச்சகம் கதவைச் சாத்திடும். நான் புரூஃபோட கவுன்டர்ல நிக்கறேன். நீங்க வாங்க, அடிச்சுக்குங்க, இல்லைன்னா கிழிச்சுப் போடுங்க. என்னை விடுங்க."

ஒன்பதரைக்கு அவர் வந்தார். நல்ல கோட்டும் தொப்பியும். நேராகக் கவுன்டருக்குப் போகப் போனவரைக் கதவருகே நின்ற காவலர், ஆள் புதிது போலிருக்கிறது, டோக்கன் எடுக்கச் சொன்னார். குபாத் ஒரு கணம் நின்றார். பிறகு எடுத்தார். அறுபத்தேழு. ஓடிக்கொண்டிருந்தது ஐம்பத்தெட்டு. அவருக்கு முன்னால் ஒரு காபி இயந்திரம் இருந்தது, அதில் மலினா ஆறு கோப்பை போட்டு ஆறையும் குடித்துப் பார்த்தார். ஷார்கா கண் ஜாடை காட்டி குபாத்தைத் தன் பக்கம் கூப்பிட்டாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

பக்கத்தில் துணி காயவைக்கும் ஹீட்டரை மடியில் வைத்திருந்த ஒருவர் அவரிடம் திரும்பினார். "அரை மணி நேரமாச்சுங்க. அந்த ஆளைப் பாருங்க, சாவகாசமா காபி குடிக்கறான். இந்தக் கடைக்கு முதலாளின்னு ஒருத்தன் இருக்கானா இல்லையா?"

"இருக்கான்" என்றார் குபாத்.

"இருந்தா ஒருநாள் இங்க வந்து உக்காந்து பார்க்கட்டும்."

குபாத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மலினா வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டியம்மாள் காதில் மாட்டும் கருவியைக் கொண்டுவந்து, "நான் இதை மழையில..." என்று ஆரம்பித்ததும் மலினாவின் கை உயர்ந்தது. "சொல்லாதீங்கம்மா." அந்தக் கை உயர்ந்தபோது குபாத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அந்தக் கவுன்டருக்கு வந்தே பல வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அறுபத்தேழு விளக்கில் எரிந்தபோது மணி பத்து நாற்பது. குபாத் டோக்கனைக் கவுன்டர்மேல் வைத்தார்.

"காலை வணக்கம் இன்ஜினியர் சார்" என்றார் மலினா.

நான் புரூஃப் தாளை இருவருக்கும் நடுவில் வைத்தேன். குபாத் மூக்குக் கண்ணாடியை மாட்டி, நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தார். நேற்று படித்ததுதான். பத்தாவது வரியில், "இருநூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்கள்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முழுப் பக்கத்தையும் குறுக்கே அடிக்கப் போகிறார், ஐந்து மாதம் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் "பன்னிரண்டு" என்பதை மட்டும் அடித்தார். மேலே எழுதினார்: பதினான்கு.

மலினா நிமிர்ந்தார். "இருநூத்திப் பன்னெண்டு இன்ஜினியர் சார். நான் ஒவ்வொண்ணா எழுதியிருக்கேன்."

"ரெண்டு பேர் கவுன்டருக்கு வரலை" என்றார் குபாத். "வீட்டுக்கு வந்தாங்க. ஒண்ணு என் பொண்ணோட கிளாஸ் டீச்சர். இன்னொருத்தர் எங்க வார்டு தபால்காரர். கதவுல நிக்க வச்சே நான்தான் கேட்டேன், கெண்டையைப் படம் எடுத்தீங்களான்னு." பேனாவை மூட முயன்றார், மூடி பொருந்தவில்லை. "அவங்களும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் போனாங்க, எவ்ஜென். அந்த டீச்சர் எனக்கு அப்பம் கொண்டுவந்து குடுத்தாங்க."

மலினா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ இருமினார்கள். அறுபத்தெட்டாம் நம்பர்க்காரர் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டார். பிறகு மலினா தாளின் அடியில், தன் வழக்கமான கொட்டை எழுத்தில், கையெழுத்துப் போட்டார்.

வரிசையில் பதினொரு பேர் இருந்தார்கள். மலினா "இடைவேளை" என்று எழுதிய பலகையை எடுத்துக் கவுன்டர்மேல் நிறுத்தினார். ஹீட்டர்க்காரர் ஏதோ கத்தினார். மலினா அதைக் காதில் வாங்காமல், ஊழியர்கள் மட்டும் நுழையும் ஓரத்துக்குப் போய், வழியை மறிக்கும் கவுன்டர் மேல்பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குபாத் உள்ளே வருவதற்காகக் காத்து நின்றார்.